கிடங்கில் எத்தனை நாள் சரக்கு? சங்கமும் நிர்வாகமும்: வாசகர் கேள்வி பதில்

(வேலைநிறுத்த அறிவிப்புக் காலம், வாக்கெடுப்பு விதி, அங்கீகார முறை போன்றவை நாட்டுக்கு நாடு மாறும். கீழே உள்ளவற்றைச் செயல்படுத்துமுன் உங்கள் நாட்டுச் சட்டத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: எங்கள் ஆலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சங்க உறுப்பினர்கள். வாயிற்கூட்டம் போட்டால் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். ஆனாலும் ஊதியப் பேச்சுவார்த்தையில் நிர்வாகம் அசைந்து கொடுப்பதே இல்லை. எங்கே கோளாறு? (ஒரு கிளைச் செயலாளர்)

உறுப்பினர் எண்ணிக்கை உங்களை மேஜைக்குக் கொண்டுவந்து உட்காரவைக்கும், அவ்வளவுதான். பேச்சு முறிந்தால் யார் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று எதிர்த்தரப்பு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. நீங்கள் போடவில்லை என்று தெரிகிறது.

முதலில் நிர்வாகத்தின் பக்கத்தைப் போடுங்கள். கிடங்கில் முடிந்த சரக்கு 18,000 உருப்படி, நாள்தோறும் வெளியே போவது 600 என்றால் 30 நாள் கையிருப்பு. வாடிக்கையாளரின் கிடங்கில் தேங்கியிருப்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, "பத்தாம் நாள் பணிந்துவிடுவார்கள்" என்று மேடையில் பேசிவிடுகிறார்கள். மேலாளர்களும் சூப்பர்வைசர்களும் ஒரு ஷிப்டையாவது ஓட்ட முடியுமா, இதே பொருளைச் செய்யும் வேறு ஆலை நிறுவனத்துக்கு உண்டா என்று பாருங்கள். அவர்களுக்கு வலிக்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: தாமதத்துக்குக் கட்ட வேண்டிய அபராதம், வங்கித் தவணை, அணைத்தால் மறுபடி சூடேற்ற நாள்கணக்கில் ஆகும் உலை, கெட்டுப்போகும் மூலப்பொருள். இந்தத் தகவல்கள் எதுவும் ரகசியம் இல்லை. லாரியில் ஏற்றுபவருக்கு அனுப்பும் எண்ணிக்கை தெரியும், ஸ்டோர்ஸில் இருப்பவருக்கு இருப்பு தெரியும்.

இனி உங்கள் பக்கம். மாதச் சம்பளத்தில் 1 சதவீதம் சந்தா, அதில் பாதி வேலைநிறுத்த நிதிக்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு, அதாவது 36 மாதம் சேர்த்தால் ஒருவருக்கு ஒரு மாதச் சம்பளத்தில் 18 சதவீதம் இருக்கும். சுமார் ஐந்தரை நாள் சம்பளம். அரைச் சம்பளமாகக் கொடுத்தால் 11 நாள் ஓடும். அவர்களிடம் 30 நாள், உங்களிடம் 11 நாள். தொண்ணூறு சதவீதம் உறுப்பினர் இருந்தும் அசையாததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒப்பந்தம் முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது திடீரென்று ஓவர்டைம் அதிகரித்தால், ஆர்டர் குவிந்திருக்கிறது என்று மகிழ வேண்டாம். கிடங்கு நிரப்பப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். உங்களுக்கு எதிரான கையிருப்பை உங்களைக்கொண்டே, கூடுதல் கூலி கொடுத்துச் சேர்க்கிறார்கள். ஓவர்டைம் விருப்பத்தின்பேரில் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதைக் குறைக்கத் தொடங்க வேண்டிய காலம் அதுதான்.

காலமும் கையிருப்பும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்களின் இரண்டு போராட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1972இல் ஜனவரியில், நடுக் குளிர்காலத்தில் இறங்கினார்கள். மின்நிலையங்களுக்குப் போகும் நிலக்கரியை மறித்தார்கள். ஒரு மாதத்தில் நெருக்கடிநிலை அறிவிப்பும் மின்வெட்டும் வந்தன. பிப்ரவரி முடிவதற்குள் ஊதிய உயர்வோடு வேலைக்குத் திரும்பினார்கள். 1984இல் சுரங்க மூடலை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம், குளிர் தணியும் மார்ச்சில் வெடித்தது. அரசு அதற்குள் மின்நிலையங்களில் நிலக்கரியைக் குவித்து வைத்திருந்தது. எண்ணெயில் ஓடும் நிலையங்களும் கைகொடுத்தன. நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தாமல் போனதால் நாட்டிங்காம்ஷயர் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலை செய்துகொண்டே இருந்தார்கள். ஓராண்டு கழித்து, 1985 மார்ச்சில், எந்த ஒப்பந்தமும் இல்லாமல் திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டு முறையும் அதே சங்கம்தான். உறுதியில் குறைவு என்று 1984இன் தொழிலாளர்களை யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: போராட்டம் என்று வந்தால் எல்லோரும் வெளியே வருவதுதானே பலம்? சில பிரிவுகள் மட்டும் நிறுத்துவது ஒற்றுமையைக் குலைக்காதா?

எல்லோரும் வெளியே வந்தால் படம் எடுக்க நன்றாக இருக்கும். நிதிதான் கரையும்.

அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கம் 2023 செப்டம்பர் 15 அன்று செய்ததைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, ஸ்டெல்லாண்டிஸ் மூன்றிலும் ஒரே நேரத்தில் ஒப்பந்தம் முடிந்தது. சுமார் 1,46,000 உறுப்பினர்கள். நிறுவனத்துக்கு ஓர் ஆலை என்று மூன்றே ஆலைகளை, ஏறக்குறைய 13,000 பேரை மட்டும் முதலில் இறக்கினார்கள். வேலைநிறுத்த நிதி 82.5 கோடி டாலர். ஆளுக்கு வாரம் 500 டாலர். அனைவரையும் இறக்கியிருந்தால் வாரம் 7.3 கோடி போய், பதினோரு வாரத்தில் பெட்டி காலி. 13,000 பேருக்கு வாரம் 65 லட்சம்தான். அடுத்து எந்த ஆலை என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. பேச்சு நகராத நிறுவனத்தில் கூடுதலாக நிறுத்தினார்கள், நகர்ந்த நிறுவனத்தை விட்டுவைத்தார்கள். ஆறு வார அளவில் மூன்றிலும் உடன்பாடு. நான்கரை ஆண்டுக் காலத்துக்கு அடிப்படை ஊதியத்தில் 25 சதவீத உயர்வு.

எந்தப் பிரிவை நிறுத்துவது என்பதில்தான் வித்தை. நான்கு கேள்வி கேளுங்கள். இந்தப் பிரிவின் உற்பத்தி வேறு எங்காவது கிடைக்குமா? இதற்கும் அடுத்த பிரிவுக்கும் நடுவே எத்தனை மணிநேரச் சரக்கு இருக்கிறது? இந்த வேலையைப் புதியவர் கற்க எத்தனை வாரம் ஆகும்? இது நின்றால் பின்னால் எத்தனை பிரிவு நிற்கும்? 1936 டிசம்பர் இறுதியில் ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு எதிராக உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கியபோது, காரின் உடற்பகுதித் தகடுகளை அழுத்தும் அச்சுகள் இருந்த ஆலைதான் இலக்கு. நிறுவனத்தின் மொத்தத் தொழிலாளர்களில் சிறு பகுதியினர்தான் அப்போது சங்கத்தில் இருந்தார்கள். ஆலைக்கு உள்ளேயே உட்கார்ந்ததால் வேறு ஆளை வைத்து ஓட்டவும் முடியவில்லை. 44ஆம் நாள், 1937 பிப்ரவரி 11 அன்று, நிறுவனம் சங்கத்தை அங்கீகரித்துக் கையெழுத்திட்டது. (ஆலையை ஆக்கிரமிப்பது இன்று பல நாடுகளில் சட்டவிரோதம். இடத்தைத் தேர்ந்தெடுத்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

சரக்கைத் தேக்காமல் அன்றன்றைக்கு வரவழைக்கும் முறை பரவிய பிறகு ஒரு பிரிவை அடுத்த பிரிவோடு இணைக்கும் இந்தக் கணுக்கள் இன்னும் மெலிந்துவிட்டன. 1998இல் அதே ஃபிளின்ட்டில் இரண்டே உதிரிபாக ஆலைகள் 54 நாள் நின்றன. வட அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் வாகன உற்பத்தி கிட்டத்தட்ட முழுவதும் நின்றுபோனது.

நீங்கள் அஞ்சும் ஒற்றுமைக் குலைவு நிஜமான ஆபத்துதான். ஒரு பிரிவை நிறுத்தினால் நிர்வாகம் மற்ற பிரிவுகளில் "வேலை இல்லை" என்று லே-ஆஃப் கொடுக்கும். போராடுபவருக்கு நிதியிலிருந்து பணம் வரும், லே-ஆஃப் ஆனவருக்கு ஒன்றும் வராது. மூன்றாவது வாரம் இவர்கள் இருவரும் தேநீர்க் கடையில் சண்டை போடுவார்கள். ஆகவே, போராட்டத்தால் லே-ஆஃப் ஆகிறவருக்கும் நிதியிலிருந்து இவ்வளவு என்று முன்பே பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுவிடுங்கள். வேலையில் இருப்பவர்கள் வாரம் இவ்வளவு நிதிக்குத் தரவேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள்.

கேள்வி: எங்கள் வேலைக்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். எங்களுக்கு மாற்று ஆளே கிடையாது. அப்படியானால் வெற்றி நிச்சயம்தானே?

அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 1981 ஆகஸ்ட் 3 அன்று சுமார் 13,000 பேர் வெளியேறினார்கள். 48 மணிநேரக் கெடு கொடுத்தார் அதிபர் ரீகன். திரும்பாத 11,345 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். சூப்பர்வைசர்கள், போராட்டத்தில் சேராதவர்கள், ராணுவக் கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோரை உட்காரவைத்து, விமானங்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஓட்டினார்கள். அக்டோபரில் சங்கத்தின் அங்கீகாரமே போயிற்று.

அவர்கள் செய்யும் வேலைக்கு மாற்று ஆள் இல்லை என்பது உண்மைதான். அத்தனை பேரையும் பயிற்றுவித்து நிரப்ப ஆண்டுகள் ஆயின. ஆனால் எதிர்த்தரப்புக்கு முழு வேலையும் தேவைப்படவில்லை. குறைந்த அளவில் ஓட்டினால் போதும் என்று முன்பே திட்டம் போட்டு வைத்திருந்தது. அதற்கும் மேலே, கூட்டாட்சி அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வதைச் சட்டம் தடுத்திருந்தது. "நாங்கள் இல்லாமல் நூறு சதவீதம் ஓடாது" என்பதல்ல உங்கள் கணக்கு. நாற்பது சதவீதம் ஓடுமா, அந்த நாற்பதை வைத்து அவர்கள் எத்தனை மாதம் பிழைப்பார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: விதிப்படி வேலை, அதாவது எழுதிய விதி எதையும் தாண்டாமல் வேலை செய்தால் சம்பளமும் போகாது, நிர்வாகமும் திணறும். இதுதானே சிறந்த ஆயுதம்?

சில வாரங்களுக்கு, ஆமாம். பாதுகாப்புச் சோதனை, பதிவேடு, ஒப்புதல் கையெழுத்து என்று அன்றாடம் தாண்டிக் குதிக்கும் விதிகள் நிறைய உள்ள இடத்தில் நன்றாகப் பலிக்கும். ரயில், மருத்துவமனை, அஞ்சல் போன்றவை.

ஆனால் எழுதப்பட்ட விதியை மட்டும் பின்பற்றுங்கள். வேண்டுமென்றே மெதுவாகச் செய்வது வேறு, அதில் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் நோக்கமே தொழிலை முடக்குவது என்று காட்டும் துண்டறிக்கையை நீங்களே அச்சடித்துக் கொடுக்காதீர்கள். 1972இல் பிரிட்டன் ரயில்வேயில் நடந்த விதிப்படி வேலையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பந்த மீறல் என்றே கொண்டது. தொழிலைக் குலைக்கும் நோக்கத்தோடு விதியைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது காரணம். பகுதி வேலைக்குப் பகுதிச் சம்பளம்கூட மறுக்கலாம் என்ற நிலை சில நாடுகளில் உண்டு.

கேள்வி: நான் மனிதவளத் துறையில் இருக்கிறேன். சங்கத்துக்குக் கணக்கு விவரம் எதுவும் காட்டக்கூடாது என்பது எங்கள் மேலிடத்தின் கொள்கை. இது சரியா? (பெயர் வேண்டாம்)

லாபம் கொழிக்கும் ஆண்டில் இது உதவுவதாகத் தோன்றும். நஷ்டம் வந்த ஆண்டில் உங்கள் உண்மையான கணக்கையும் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாத சங்கம் சோதித்துப் பார்க்கும்; சோதிக்க அவர்களிடம் இருக்கும் ஒரே கருவி வேலைநிறுத்தம்.

ஜெர்மனியில் ஐந்து பேர் நிரந்தரமாக வேலை செய்யும் இடத்திலேயே ஊழியர்கள் விரும்பினால் பணியிட மன்றம் (ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிக் குழு) அமைக்கலாம். 500 பேருக்கு மேற்பட்ட நிறுவனத்தில் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவின் மூன்றில் ஒரு பங்கு இடம் ஊழியர்களுக்கு. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,000 பேருக்கு மேல் என்றால் பாதி. சரிசமம் என்று நினைத்துவிட வேண்டாம்: வாக்குகள் இரண்டு முறை சமமாகப் பிரிந்தால் தலைவருக்கு இரட்டை வாக்கு, தலைவர் பெரும்பாலும் பங்குதாரர் தரப்பு. பணியிட மன்றம் வேலைநிறுத்தம் அறிவிக்கவும் முடியாது. அது சங்கத்தின் வேலை. அதிகாரத்தின் கடைசி அங்குலம் முதலீட்டாளர் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் ஊழியர் தரப்பு கணக்குகளைப் பார்த்துவிட்டே பேச உட்காருகிறது. பேரம் அங்கிருந்து தொடங்குகிறது.

அவ்வளவு தூரம் போக உங்கள் மேலிடம் இசையாது. இரண்டு சிறு காரியங்களில் தொடங்குங்கள். காலாண்டுக்கு ஒருமுறை ஆர்டர் நிலை, உற்பத்தி, மொத்தச் செலவில் ஊதியத்தின் பங்கு ஆகிய மூன்று எண்களை ஒரே வடிவத்தில் கொடுங்கள். நல்ல காலாண்டிலும் கொடுக்க வேண்டும். அடுத்தது, குறை தீர்க்கும் படிகள்: சூப்பர்வைசர் 3 நாள், துறைத் தலைவர் 7 நாள், இரு தரப்புக் குழு 15 நாள், அதற்குப் பிறகு வெளி நடுவர். கெடுவுக்குள் பதில் வராவிட்டால் மனு தானாக அடுத்த படிக்குப் போக வேண்டும். இந்த ஏற்பாடு எங்கே தோற்கிறது தெரியுமா? முதல் படியில்தான். சூப்பர்வைசருக்கு ஒரு நாள் விடுப்பைக்கூட மாற்றும் அதிகாரம் இல்லையென்றால், கையுறை கிழிந்தது முதல் கழிப்பறைக் குழாய் வரை எல்லாம் மேலே ஏறி, ஊதியப் பேச்சுவார்த்தை நடக்கும் மேஜையில் கோபமாக வந்து விழும்.

கேள்வி: நிர்வாகமே ஒரு கைப்பொம்மைச் சங்கத்தை உருவாக்கி அதோடு ஒப்பந்தம் போடப் பார்க்கிறது. என்ன செய்யலாம்?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 98ஆம் உடன்படிக்கை (1949) இதைத் தெளிவாகச் சொல்கிறது: முதலாளியின் ஆதிக்கத்தில் தொழிலாளர் அமைப்புகளை உருவாக்குவதும், அந்த நோக்கத்தோடு பணம் கொடுப்பதும் தலையீடு. அமெரிக்காவில் 1935இன் வாக்னர் சட்டம் இத்தகைய கம்பெனிச் சங்கங்களைத் தடைசெய்தது. உங்கள் நாடு 98ஐ ஏற்றிருந்தால் புகாரில் அதைச் சேருங்கள்.

புகார் நிற்க ஆவணம் வேண்டும். புதிய சங்கத்தின் கூட்டம் வேலை நேரத்தில், ஆலை வளாகத்தில், சம்பளத்தோடு நடந்ததா? உறுப்பினர் படிவத்தைச் சூப்பர்வைசர் விநியோகித்தாரா? தேதி, ஷிப்ட், இரண்டு சாட்சி என்று அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதிய எதுவும் விசாரணையில் நிற்காது.

கையோடு ரகசிய வாக்கெடுப்பைக் கோருங்கள். சந்தா ரசீதை எண்ணி உறுப்பினர் பலத்தைச் சரிபார்க்கும் முறை உங்களுக்குச் சாதகமாகத் தெரியலாம். ஆனால் அதில் யார் எந்தச் சங்கம் என்ற பட்டியல் நிர்வாகத்தின் கைக்குப் போகும். அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

கேள்வி: உற்பத்திப் பிரிவில் பாதிக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களை உறுப்பினராகச் சேர்க்க எங்கள் மூத்த உறுப்பினர்கள் சம்மதிக்கவில்லை.

அப்படியானால் உங்கள் வேலைநிறுத்தம் சம்பளமில்லாத விடுமுறை. நீங்கள் வெளியே நிற்பீர்கள், லைன் உள்ளே ஓடும். அவர்களைக் கருங்காலி என்று ஏசுவதில் பயனில்லை; உங்கள் சங்க விதியில் அவர்களுக்கு இடமே இல்லையே.

பம்பாய் ஜவுளித் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் 1982 ஜனவரி 18 அன்று நிறுத்தினார்கள். போராட்டம் அதிகாரபூர்வமாக முடித்துக்கொள்ளப்படவே இல்லை. ஆலைகளில் தேங்கிய சரக்கு இருந்தது. நெசவு ஏற்கெனவே சங்கம் நுழையாத விசைத்தறிக் கூடங்களுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. சங்கத்தின் எல்லைக்கு வெளியே அதே வேலை நடக்குமானால் உள்ளே எவ்வளவு ஒற்றுமை இருந்தாலும் போதாது.

செய்ய வேண்டியது: "நிரந்தரத் தொழிலாளர்" என்று இருக்கும் உறுப்பினர் விதியை "இந்த வளாகத்தில் வேலை செய்யும் எவரும்" என்று திருத்துங்கள். அவர்களுக்கு அரைச் சந்தா, செயற்குழுவில் ஒதுக்கிய இடம். கோரிக்கைப் பட்டியலின் முதல் ஐந்தில் ஒன்றாவது அவர்களுடையதாக இருக்க வேண்டும். இதைப் பட்டியலின் கடைசியில் போட்டு, பேரத்தில் முதலில் விட்டுக்கொடுக்கும் வழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள், வராததற்கு அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

கேள்வி: பேச்சுவார்த்தைக்கு எத்தனை பேர் போக வேண்டும்?

ஐந்து பேர் போதும். ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க. மீதி இருவர் வெவ்வேறு ஷிப்டிலிருந்து, வெளியே போய்ச் சொல்வதற்கு. எல்லோரும் பேசினால் உங்களுக்குள் எங்கே பிளவு என்பதை அரை மணியில் எதிர்த்தரப்பு படித்துவிடும். கருத்து வேறுபாடு வந்தால் இடைவேளை கேட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: போன முறை நாங்கள்தான் வென்றோம். ஆறு மாதத்தில் எல்லாம் கைநழுவிவிட்டது. ஏன்?

ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். "கூடுமானவரை", "பரிசீலிக்கப்படும்", "உரிய காலத்தில்" என்ற சொற்கள் எத்தனை இடத்தில் வருகின்றன என்று எண்ணுங்கள். போராட்டம் முடிந்த களைப்பில், நள்ளிரவில், நிர்வாகத்தின் வழக்கறிஞர் எழுதிக்கொண்டு வந்ததில் கையெழுத்துப் போடும்போது இவை நுழைகின்றன. ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரு தேதி, ஓர் எண், ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

பெரும்பாலும் ஓட்டை விழும் இடங்கள் இவை. ஊதிய உயர்வு இத்தனை சதவீதம் என்று இருக்கும், எந்தத் தொகையின்மேல் என்று இருக்காது. அடிப்படைச் சம்பளத்தின் மேலா, மொத்தத்தின் மேலா என்பதில் பாதி உயர்வு போய்விடும். நிலுவைத் தொகை எந்தத் தேதியிலிருந்து கணக்கு, எந்தத் தேதிக்குள் பட்டுவாடா என்ற இரண்டு தேதியும் தனித்தனியே வேண்டும். உற்பத்தி அளவை உயர்த்த ஒத்துக்கொண்டிருந்தால், இயந்திரப் பழுது, மின்தடை, மூலப்பொருள் தாமதம் ஆகியவற்றின் நிமிடங்கள் கழிக்கப்படும் என்று எழுத வேண்டும். போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக யார்மீதும் நடவடிக்கை இல்லை, ஏற்கெனவே கொடுத்த குற்றப்பத்திரிகைகள் திரும்பப் பெறப்படுகின்றன என்பதில் பெயர்ப்பட்டியலையே இணையுங்கள். "சுமூகமான சூழல் பேணப்படும்" என்ற வரியை நம்பி வேலைக்குத் திரும்பியவர்கள்தான் முதலில் இடமாற்ற உத்தரவு வாங்குகிறார்கள். வாசகத்தில் தகராறு வந்தால் யார் பொருள் சொல்வது என்ற பிரிவு இல்லாவிட்டால், நிர்வாகம் சொல்வதே பொருள் ஆகிவிடும்.

ஒப்பந்தம் முடியும் தேதியைப் பலரும் பார்ப்பதே இல்லை. மூன்றாண்டு என்றால் கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணி விட்டுவிடுகிறார்கள். அது ஆர்டர் வறண்ட மாதமாக இருந்தால் அடுத்த பேச்சுவார்த்தையில் பாதி பலத்தை இன்றே விட்டுக்கொடுத்தாயிற்று. ஊதிய உயர்வில் அரை சதவீதம் குறைத்துக்கொண்டாவது முடிவுத் தேதியை இரண்டு மூன்று மாதம் நகர்த்தி, அனுப்பும் வேகம் உச்சத்திலும் கிடங்கு காலியாகவும் இருக்கும் மாதத்தில் வைக்கக் கேளுங்கள். அனுபவமுள்ள நிர்வாகி இந்தக் கோரிக்கையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அதன் மதிப்பு அவருக்குத் தெரியும்.